கத்திரி வெயிலுக்கு முன் 80 நாள்: வேலூரில் வீட்டுக் காய்கறித் தோட்டம்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் படித்தோம். அந்தப் பெயரை நம்பிச் சித்திரையில் விதை வாங்கப் புறப்படும் வேலூர்க்காரர், வைகாசியில் காய்ந்த குச்சிகளுக்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். பாறைக் குன்றுகள் சூழ்ந்த இவ்வூரில் அந்த இரண்டு மாதங்களிலும் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். மொட்டை மாடித் தளமோ பகலில் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை விடுவதில்லை. ஆகவே இங்கே இளவேனில் தோட்டத்தை மாசி பிறந்ததும் தொடங்கிவிட வேண்டும். மாசி முதல் தேதி பிப்ரவரி 13-ஐ ஒட்டி வருகிறது. அக்னி நட்சத்திரம் சித்திரை 21 வாக்கில், அதாவது மே 4-ஐ ஒட்டித் தொடங்குகிறது. இடையில் இருப்பவை 80 நாள்கள். எந்தக் காயை விதைக்கலாம், எதைக் கைவிடலாம் என்பதையெல்லாம் இந்த 80 நாள் கணக்கே முடிவு செய்கிறது.

நான் முதல் ஆண்டில் இந்தக் கணக்கை அறியாமல், பங்குனி நடுவில் பன்னிரண்டு தக்காளி நாற்றுகளை நட்டேன். செடிகள் நன்றாகவே வளர்ந்தன, கொத்துக் கொத்தாகப் பூத்தன. பூத்த மூன்றாம் நாள் காம்பின் நடுவிலுள்ள கணு மஞ்சளாகிப் பூக்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. எருவைக் கூட்டினேன், தண்ணீரைக் கூட்டினேன், பலன் இல்லை. பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேலேயும், இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காமலும் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து காய் பிடிப்பது நின்றுவிடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பருவத்தில் எனக்குக் கிடைத்தது சட்னிக்குக்கூடப் போதாத நான்கு பழங்கள்.

எதை, எப்போது

தக்காளியும் கத்தரியும் வேண்டுவோர் தை மாதத்திலேயே நாற்று விட்டிருக்க வேண்டும். தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி நாற்று 30 முதல் 35 நாளிலும் நடவுக்கு வரும். தை முதல் வாரத்தில் குழித்தட்டிலோ அகன்ற தொட்டியிலோ விதைத்து, மாசி முதல் வாரத்தில் இடம் மாற்றி நட்டால், தக்காளிப் பூக்கள் பங்குனித் தொடக்கத்தில், காய் பிடிக்கும் அளவுக்கு இரவு குளிர்ந்திருக்கும்போதே மலர்ந்துவிடும். நாற்று விடத் தவறியவர்கள் நாற்றங்காலில் வாங்கி நடலாம். மாசி பாதி கடந்துவிட்டால் தக்காளியை அந்தப் பருவத்துக்கு மறந்துவிடுவதே நல்லது; ஆடியில் பார்த்துக்கொள்ளலாம்.

கத்தரியில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு பெருமை உண்டு. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியின் முள்ளுக்கத்தரிக்குப் புவிசார் குறியீடு 2023-ல் கிடைத்தது. தண்டு, இலை, காம்பு எங்கும் முள் நிற்கும் அந்தச் செடியில் காய் பறிப்பது விரல்களுக்குச் சோதனைதான். ஆனால் எண்ணெயில் வதங்கும்போது அதன் சதை குழையும் பக்குவத்தை ஒருமுறை சுவைத்தவர்கள் முள்ளைப் பொருட்படுத்துவதில்லை. நட்ட 60, 65 நாளில் முதல் காய் வரும். தக்காளியைப் போல் அல்லாமல் கத்தரிச் செடி கோடையைத் தாண்டியும் நிற்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நேரடியாக விதைக்கும் காய்களில் வெண்டைக்கு இணை வேறொன்றும் இல்லை. வெயிலை விரும்பும் பயிர் அது. விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஒரு குழிக்கு இரண்டாக ஊன்றி, முளைத்த பின் வலுவான ஒன்றை மட்டும் நிறுத்த வேண்டும். தரையில் நடுவதானால் செடிக்குச் செடி ஓர் அடியும் வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும் இடைவெளி வேண்டும். மாடியில் மண் நிரப்பி வைக்கும் வளர்ப்புப் பையானால் ஒரு செடிக்கு 12 அங்குல அகலமும் உயரமும் போதும். மாசி முதல் வாரத்தில் ஊன்றினால் பங்குனி மூன்றாம் வாரத்துக்குள் முதல் காய் வந்துவிடும், அதன்பின் ஒன்றரை மாதம் விடாமல் காய்க்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தால் காய் முற்றி நார் ஓடியிருக்கும். அதைவிடக் கேடு, முற்றிய காய் செடியிலேயே நின்றால் அது விதைக்குப் பாடுபடத் தொடங்கிப் புதுக் காய் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். கடையில் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கும் வழக்கத்தைச் செடியிலும் செய்யலாம்: பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் நாள் தவறிவிட்டது.

கொத்தவரையும் காராமணியும் 45, 50 நாளில் காய்க்கும். அதிகக் கவனிப்பும் கேட்கா. சிறுகீரையும் தண்டுக்கீரையும் 25, 30 நாளில் பறிப்புக்கு வருவதால், வாரத்துக்கு ஒரு தொட்டியாக மாற்றி மாற்றி விதைத்தால் வீட்டில் கீரை தீராது. கொத்தமல்லி, முள்ளங்கி, அவரை ஆகியவை குளிர்மாதத்துப் பயிர்கள். பங்குனி வெயில் பட்டதும் கொத்தமல்லி இலையை நிறுத்திவிட்டுப் பூத்து நிற்கும்.

மண்ணும் தண்ணீரும்

நம் பகுதிச் செம்மண் நீரைச் சீக்கிரம் கீழே விட்டுவிடும், காய்ந்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்ற கலவை மாடித் தோட்டத்துக்கு ஏற்றது. நார்க்கழிவுக் கட்டியை இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாயநீரைக் கொட்டிவிட்டே சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். எரு மக்கியதா என்பதை மணமே காட்டிவிடும். கையில் எடுத்தால் சாண வாடை அடிப்பது ஆறாத எரு, அது வேரைச் சுடும். மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் போடலாம். கலவையை நிரப்பிப் பத்து நாள் ஈரமாக வைத்திருந்து விதைப்பது நலம். ஓர் அடி அகலமுள்ள பை நனைந்த நிலையில் ஏறக்குறைய 20 கிலோ எடை இருக்கும் என்பதால், பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாகவும் உத்தரங்களின் மேலாகவும், செங்கல் வைத்து உயர்த்தி, வரிசையிட வேண்டும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய சிக்கல். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. எல்லோரும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கிறோம். பல தெருக்களில் அந்த நீர் உப்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அப்பகுதியினர் உண்ணும் காய்க்குப் பாய்ச்சும் முன் நீரைப் பரிசோதித்துவிடுவது அவசியம். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் இதுபற்றி விசாரிக்கலாம். மற்ற இடங்களில் ஒரு சிறு அடையாளம் போதும்: பையின் மண்மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்து, இலை விளிம்பு தீய்ந்தாற்போல் பழுத்தால் நீரில் உப்பு மிகுதி என்று பொருள். அத்தகைய நீரைத் தினமும் சிறிது சிறிதாக ஊற்றினால் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். அதற்குப் பதிலாக, பத்து நாளைக்கு ஒருமுறை நல்ல நீரைப் பையின் அடித்துளை வழியே தாராளமாக ஓடும்படி விட்டு உப்பைக் கழுவி இறக்க வேண்டும். கொத்தவரை ஓரளவு உப்பைத் தாங்கும். வெங்காயமும் பீன்ஸும் தாங்கா. வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழித்து வெளியேற்றும் நீரைச் செடிக்கு விடுவது சிக்கனம் போலத் தோன்றும். உப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு வரும் நீர் அது, விடாதீர்கள். என் முதல் புடலைக் கொடியை நான் அப்படித்தான் இழந்தேன்.

பாய்ச்ச வேண்டியது காலை 7 மணிக்கு முன். பங்குனி பாதிக்குப் பிறகு மாலையிலும் ஒருமுறை வேண்டியிருக்கும். மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாமல், விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, அங்கும் ஈரம் இல்லையென்றால் ஊற்ற வேண்டும். மாடியில் கிடக்கும் ரப்பர் குழாய்க்குள் தேங்கிய நீர் மாலை 5 மணிக்கும் கொதிநீராகவே இருக்கும் என்பதால், முதல் இரண்டு வாளி நீரைத் தளத்தில் விட்டுக் குளிர்ந்தது வந்த பின்பே செடிப் பக்கம் திருப்ப வேண்டும். மண்ணின்மேல் இரண்டு அங்குலக் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் தண்ணீர்ச் செலவு கண்கூடாகக் குறையும். அதற்கு நம் பக்கம் மலிவாகக் கிடைப்பது வேர்க்கடலைத் தோடு. திருவண்ணாமலைப் பக்கத்து உறவினர்கள் மல்லாட்டை என்று சொல்லும் அதே கடலைதான். காய்ந்த இலையைப் போல் காற்றில் பறக்காது, மெல்ல மக்கி எருவும் ஆகும்.

உரத்துக்கு, கடலைப் பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துத் தெளிவை எடுத்துப் பத்துப் பங்கு நீர் கலந்து, 15 நாளைக்கு ஒருமுறை வேரடியில் ஊற்றுவது போதும். பூக்கும் தருணத்தில் பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி வீதம் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

கொடிகள்

புடலை, பீர்க்கன், பாகல், சுரை நான்குக்கும் பந்தல் வேண்டும். பைக்கு அகலமும் ஆழமும் ஒன்றரை அடியாவது வேண்டும். பாகல் விதையின் ஓடு கெட்டியானது. கூர்முனையை நகவெட்டியால் சிறிது கிள்ளி, ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து வைத்தால் முளைவிடும், அதன்பின் ஊன்றுங்கள். எல்லாக் கொடிகளும் 50 முதல் 65 நாளுக்குள் காய்க்கத் தொடங்கும் என்பதால், மாசி பத்துக்குள் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

முதல் பத்துப் பதினைந்து நாள் வெறும் ஆண்பூவாகவே பூக்கும். அது கொடியின் இயல்பு, குறை அல்ல. பெண்பூவைத் தேட வேண்டியதில்லை, மொட்டின் அடியிலேயே குட்டிச் சுரையோ குட்டிப் பாகலோ ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. மூன்றாம் மாடியில் தேனீக்கள் அரிது, நம் கையால்தான் சேர்க்க வேண்டும். எந்தப் பூ எப்போது விரிகிறது என்று தெரிந்திருப்பது இதற்குத் தேவை. பாகலும் பரங்கியும் விடியற்காலையில் விரிகின்றன. சுரையும் பீர்க்கனும் மாலையில் விரிகின்றன. புடலையின் வெண்ணிறப் பூ, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, பொழுது சாய்ந்த பின் மலர்கிறது. அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண்பூவின் நடுவில் மெதுவாக ஒற்றினால் போதும். சுரைக்கு இரவு 7 மணிக்குக் கைவிளக்குடன் மாடி ஏறுவதைப் பார்த்து எதிர்வீட்டார் முதலில் ஐயப்பட்டார்கள். காய் கொடுத்த பின் விளக்குப் பிடிக்க அவர்களே வந்தார்கள். புடலைப் பிஞ்சு சுருளத் தொடங்கினால் நுனியில் சிறு கல்லை நூலால் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் இன்றும் பயன்படுகிறது. புளியங்கொட்டை அளவுக் கல்லில் தொடங்குங்கள், கனம் கூடினால் பிஞ்சு அறுந்துவிடும்.

பூச்சிகள்

மாசி முடிந்து வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் முதலில் வருவது வெள்ளை ஈ. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்புவது அதுதான். இலை நரம்புகள் வலைபோல மஞ்சளாகத் தெரிந்தால் மருந்து தேடாதீர்கள், அதற்கு மருந்து இல்லை. அன்றே செடியைப் பிடுங்கி அகற்றினால் மற்றவை பிழைக்கும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் கட்டிவைத்தால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். கத்தரியின் கொழுந்து, தண்ணீர் குறையாத நாளிலும் தலை தொங்கினால் தண்டுத் துளைப்பான் உள்ளே இருக்கிறது. தொங்கிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டிப் பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்புப் புழு நெளியும். வெட்டியதை எருக்குழியில் போடாமல் நசுக்கிவிட வேண்டும். பங்குனிக்குப் பின் இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் தூசும் போலத் தெரிவது செஞ்சிலந்தி. காலையில் நீரை இலையடியில் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு அகலும்.

பொதுவான தடுப்புக்கு வேப்பங்கொட்டைச் சாறு சிறந்தது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்து, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். பகலில் தெளித்தால் இலை கருகும், சாறும் வீரியம் இழக்கும்.

கத்திரியின் 25 நாள்

மே 4-க்கு ஒரு வாரம் முன்பாகவே 50 சதவீத நிழல் தரும் பச்சை வலையைத் தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் கட்டிவிடுங்கள். பைகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றுக்கு ஆகும். மேற்குப் பக்கத்துப் பைகளைச் சணல் சாக்கால் சுற்றினால் வேர் வேகாது. இந்நாள்களில் உரம் வேண்டாம், புது நடவு வேண்டாம், கிளை வெட்டும் கவாத்தும் வேண்டாம். நண்பகலில் இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டு பதறித் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். மாலை 6 மணிக்கும் நிமிராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். வெண்டையும் கொடிகளும் இந்நாள்களில் ஒவ்வொன்றாகக் காய்த்து ஓயும், ஓய்ந்தவற்றை எடுத்துவிட்டு மண்ணை ஈரமாக மூடிவைக்கலாம்.

கத்தரியை மட்டும் பிடுங்காதீர்கள். வைகாசி மூன்றாம் வாரத்தில், முதல் கோடையிடி மழை மண்ணை நனைத்ததும், தரையிலிருந்து ஓர் அடி விட்டு மேலே உள்ள கிளைகளைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் சாணம் தடவி, ஒவ்வொரு செடிக்கும் இரண்டு கைப்பிடி எரு வைத்தால், பத்து நாளில் வெட்டிய இடத்துக்குக் கீழே ஊதா நிறத் துளிர்கள் எழும்பும். ஆடி முடிவதற்குள் அதே செடி மறுபடியும் காய்க்கும். அந்தத் துளிர்கள் வரும் ஆனி மாதத்தில்தான் தெருவெல்லாம் வேப்பம்பழம் உதிர்ந்து கிடக்கும். பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்திச் சணல் பையில் கட்டி வைத்தால் அடுத்த மாசிக்கு வேண்டிய கொட்டை வீட்டிலேயே இருக்கும்.