நின்றுபோன பழைய கார்டன் டிராக்டரை ஓட வைப்பது எப்படி: கோலர் கே இன்ஜினுக்கான படிப்படியான வழி

1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் விற்ற கப் கேடட், வீல் ஹார்ஸ், ஜான் டியர் 110 போன்ற கார்டன் டிராக்டர்கள் பலவற்றில் இருப்பது கோலர் கே வரிசை இன்ஜின்தான். ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு உடல், எளிதில் சாகாது. வருஷக்கணக்காக ஷெட்டில் கிடந்தது கிளம்ப மறுத்தால், பெரும்பாலும் கோளாறு இரண்டு இடங்களில்தான்: இக்னிஷன் பாயிண்ட் (பொறி வர மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்), அடைத்துப்போன கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்). இரண்டுமே சில்லறைச் செலவு. ஆனால் புதிதாக இறங்குபவர்கள் முதல் வாரத்திலேயே காயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் சுருள்), ஸ்டார்ட்டர், கார்புரேட்டர் என்று வாங்கிக் குவித்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் போங்கள். எது கெட்டது என்று தெரிந்த பிறகு பணம் எடுக்கலாம்.

கை வைக்கும் முன்

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டுமானால் ஜாக் ஸ்டாண்டு அல்லது கெட்டியான மரக்கட்டை. ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், சொல்லாமல் நொறுங்கும். மூடிய கராஜில் இன்ஜினை ஓட விடாதீர்கள், ஒரு நிமிஷம்கூட. கிளட்ச், பிரேக் பக்கம் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இன்ஜினின் தகரக் கூட்டில் ஒட்டியிருக்கும் பட்டையில் மாடல் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கே241 என்றால் சுமார் 24 கன அங்குலம், 10 குதிரைத்திறன். கே301 என்றால் 12 குதிரைத்திறன், கே321 என்றால் 14. இனி வரும் அளவுகள் இந்த மூன்றுக்கும் உரியவை. பாகம் வாங்கும்போது டிராக்டர் பெயரைவிட இந்த எண்ணும் அதன் கீழுள்ள ஸ்பெக் எண்ணும்தான் உதவும்.

1. சுற்றுகிறதா?

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலை (இன்ஜினின் முனையில் உள்ள கனமான சக்கரத்தை) கையால் சுற்றிப் பாருங்கள். ஃப்ளைவீல் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத் திசை. அசையவில்லை என்றால் ஸ்டார்ட்டரை அழுத்தி வம்பு பண்ணாதீர்கள். பிளக் ஓட்டை வழியாக இரண்டு மேசைக்கரண்டி துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். அப்படியும் இளகாவிட்டால் ஹெட்டைத் திறந்துவிடுவதே மேல். இது பக்கவால்வு இன்ஜின். ஹெட் என்பது வெறும் மூடிதான், போல்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பிஸ்டன் பிடித்திருக்கிறதா, வால்வு மேலேயே மாட்டி நிற்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட், 25 முதல் 30 அடி-பவுண்டு முறுக்கு.

தகரக் கூட்டையும் இப்போதே கழற்றிவிடுங்கள். ஷெட்டில் கிடந்த வண்டியின் குளிர்விக்கும் தகடுகளுக்கு இடையில் எலி கூடு கட்டியிருப்பது சர்வசாதாரணம். அதை எடுக்காமல் ஓட்டினால் நன்றாகத்தான் கிளம்பும். அரைமணி நேரத்தில் சூடு தலைக்கேறும்.

2. ஆயில்

பழையதை முழுக்க வடித்துவிட்டு எஸ்ஏஇ 30, சுமார் 2 குவார்ட் (1.9 லிட்டர்) ஊற்றுங்கள். குச்சியின் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. இந்த இன்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு நீட்டல் எண்ணெயில் அடித்துத் தெறிக்க வைப்பதுதான் மொத்த ஏற்பாடு. மட்டம் குறைந்தால் முதலில் போவது அந்த ராடுதான். வடித்த ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி (மிதவை மேலெழும்போது பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி) கசிகிறது அல்லது பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றுவது வீண்.

3. ஸ்பார்க்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. பிளக் இடைவெளி 0.035 அங்குலம் (0.9 மிமீ). பேட்டரி கேபிளைத் திரும்ப மாட்டி, சாவியைப் போட்டு, பிளக்கை வயரில் மாட்டி, அதன் இரும்பு உடலை இன்ஜினில் தொடவைத்துச் சுற்றிப் பாருங்கள். பிளக் ஓட்டையின் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வரும்.

பொறி இல்லையென்றால் ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் போதும். சாவியைப் போட்டு, காயிலின் பாசிட்டிவ் முனையில் வையுங்கள். எரியவில்லை என்றால் கோளாறு சாவியில், வயரில், அல்லது சீட், கிளட்ச் பக்கமுள்ள பாதுகாப்பு சுவிட்சில். எரிந்தால் லாம்பை நெகட்டிவ் முனைக்கு மாற்றி, இன்ஜினைச் சுற்றுங்கள். மினுக் மினுக் என்றால் பாயிண்ட் வேலை செய்கிறது. விடாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் அழுக்கால் மின்சாரம் கடக்கவில்லை. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை அல்லது கண்டென்சர் (பாயிண்டோடு இணைந்த சிறு மின்தேக்கி) ஷார்ட்.

நல்ல வேளையாக, பாயிண்ட் இன்ஜினின் வெளிப்பக்கத்தில், சின்ன மூடிக்குள் இருக்கிறது. ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டியதில்லை. சாம்பல் படிந்திருந்தால் 400 கிரிட் தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு சுத்தமான விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இழுங்கள். குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.020 அங்குலம் (0.5 மிமீ). ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டில்) எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவே பாயிண்டில் ஒட்டி மறுபடி ஸ்பார்க்கைக் கெடுக்கும், துடைத்துவிட்டு நுழையுங்கள்.

இன்னும் துல்லியம் வேண்டுமானால், கூட்டை மாட்டி, அதிலுள்ள சிறு ஓட்டை வழியே ஃப்ளைவீலில் 'எஸ்' குறியைத் தேடுங்கள். மெல்லச் சுற்றும்போது அந்தக் குறி நேருக்கு வரும் கணத்தில் நெகட்டிவ் முனை லாம்ப் எரியத் தொடங்க வேண்டும். தள்ளிப்போனால் பாயிண்டைச் சற்று நகர்த்துங்கள். கடைசியில் இடைவெளி 0.017க்கும் 0.022 அங்குலத்துக்கும் நடுவில் நின்றால் சரி. வேலை முடிந்ததும் சாவியை அணைக்க மறக்க வேண்டாம். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டே கிடந்தால் காயில் வெந்துபோகும்.

4. பெட்ரோல்

பழைய பெட்ரோலை வடித்து, குழாயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே பழுப்பு நிறத்தில் வார்னிஷ் போல ஒரு பிசின் படிந்திருக்கும். நுண்துளைகளை அடைப்பது அதுதான். கார்ப் கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய செம்புக் கம்பி இழையால் துளைகளைக் குத்திவிட்டுக் காற்றடியுங்கள். டிரில் பிட் உள்ளே போனால் துளை பெரிதாகி, கார்புரேட்டர் அதோடு சரி.

தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட்டின் நுனிக்கும் வார்ப்பின் தட்டைப் பரப்புக்கும் இடையே 11/64 அங்குலம் (4.4 மிமீ) இருக்க வேண்டும். ஊசித் திருகுகளை மென்மையாக உள்ளே உட்காரவைத்து, மெயினை (வேலை வேகத்துக்கான திருகு) 2 சுற்று, ஐடிலை (சும்மா ஓடும் வேகத்துக்கான திருகு) ஒன்றேகால் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கி முறுக்கினால் ஊசி முனையில் வளையம் விழும். பிறகு எத்தனை தடவை டியூன் செய்தாலும் நிற்காது.

கிளம்பி, அரை திராட்டிலில் ஐந்து பத்து நிமிஷம் சூடான பிறகு முழு திராட்டிலில் மெயினைச் சரிபாருங்கள். உள்ளே திருப்பினால் ஓரிடத்தில் வேகம் விழும், வெளியே திருப்பினாலும் விழும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள்.

5. ஸ்பார்க்கும் பெட்ரோலும் இருந்தும் கிளம்பவில்லையா?

கம்ப்ரெஷன் கேஜை நம்பிப் பயந்துவிடாதீர்கள். மெதுவாகச் சுற்றும்போது அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் ஏற்பாடு இந்த இன்ஜினில் உண்டு. நல்ல இன்ஜினும் குறைவாகத்தான் காட்டும். பிளக்கை மாட்டிவிட்டு, கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். ஸ்பிரிங் போல உதைத்துத் தள்ளினால் நல்லது. சவசவ என்று போனால் வால்வு இடைவெளியைப் பாருங்கள்: குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.008 முதல் 0.010, எக்ஸாஸ்ட் 0.017 முதல் 0.019 அங்குலம். ஈத்தர் ஸ்பிரே அடித்து எழுப்பப் பார்ப்பது வேண்டாத வேலை. பிளக் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி பெட்ரோல் விட்டாலே விடை தெரிந்துவிடும்.

ஓட ஆரம்பித்ததும் புல் வெட்டக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, சூடாக இருக்கும்போதே ஆயிலை மறுபடி வடித்து மாற்றுங்கள். வருஷக்கணக்கில் அடியில் தங்கிய கசடு அப்போதுதான் கரைந்து வெளியே வரும்.