வீட்டிலிருந்து வேலை செய்பவர் வீடு பார்க்கும்போது

புதிய நாட்டில் வந்து இறங்கியவர்கள் முதலில் கேட்பது, "அலுவலகத்துக்குப் பக்கத்தில் எங்கே வீடு கிடைக்கும்?" என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் போக வேண்டும், அது வேலை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்பது. "எப்போதாவது வந்தால் போதும்" என்று மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பித் தொலைவில் வீடு எடுத்து, ஆறே மாதத்தில் வாரம் நான்கு நாள் வரச் சொன்னதும் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஊருக்கு வெளியே போனால் வாடகை குறையும்" என்று பல ஆண்டுகளுக்கு முன்பே வந்து குடியேறிய உறவினர்கள் சொல்லுவார்கள். அதில் இப்போது பாதிதான் உண்மை. அமெரிக்காவில் 2019இல் மொத்த வேலை நாட்களில் சுமார் 7 சதவீதம் மட்டுமே வீட்டிலிருந்து செய்யப்பட்டது. பெருந்தொற்றுக்குப் பிறகு அது ஏறத்தாழ கால் பங்கில் வந்து நிலைத்துவிட்டது. 2019 இறுதியிலிருந்து 2021 இறுதிக்குள் அங்கே வீட்டு விலை 23.8 சதவீதம் உயர்ந்ததில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் வழக்கத்தால் வந்தது என்று ஜான் மாண்ட்ராகன், யோஹானஸ் வீலண்ட் என்ற பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். பெருநகரங்களின் நடுப்பகுதியில் தேவை தளர்ந்து, சுற்றியுள்ள புறநகர்களில் கூடியதை அர்ஜுன் ரமணியும் நிக்கோலஸ் புளூமும் நடுவில் ஓட்டையுள்ள டோனட் பலகாரத்தை நினைத்து 'டோனட் விளைவு' என்றே அழைத்தார்கள். ஆகவே புறநகரில் கூடுதல் அறையுள்ள வீட்டுக்குப் போட்டி இருக்கும் என்று எதிர்பார்த்தே தேடத் தொடங்குங்கள்.

தொலைவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு வழிக்கு 40 நிமிடம் என்று வாரம் 5 நாள் போய்வந்தால் 400 நிமிடம் ஆகிறது; ஒரு வழிக்கு 90 நிமிடம் என்றாலும் வாரம் 2 நாள்தான் என்றால் 360 நிமிடமே. தொலைவில் வீடு எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதே 90 நிமிடம் 5 நாளும் என்று மாறினால் வாரத்துக்கு 15 மணி நேரம் வண்டியிலேயே கழியும். அதைத் தாங்க முடியுமா என்று குடும்பத்தோடு பேசிவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது படுக்கையறைகளை மட்டும் எண்ணாமல், கதவைச் சாத்திக்கொண்டு பேசக்கூடிய இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நேரத்தில் காணொலிக் கூட்டம் வந்தால், கூடத்தின் மூலையில் போட்ட மேசை பயன்படாது. விளம்பரத்தில் 'ஸ்டடி' (படிப்பறை) என்று இருப்பது சில சமயம் கதவில்லாத ஒரு மாடமாக இருக்கும். மேசை போட நினைக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: மின்செருகி எட்டுகிறதா, கதவைத் திறந்தால் நாற்காலியில் இடிக்குமா, ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வந்து திரையில் உங்கள் முகம் இருட்டாகத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை அமைதியாக இருக்கும் கட்டடம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். முடிந்தால் அந்த நேரத்திலேயே போய்ப் பாருங்கள். குளிர்நாடு என்றால், பகல் முழுவதும் ஆள் இருக்கும் வீட்டுக்கு ஹீட்டர் செலவு கூடும் என்பதால், முந்தைய குளிர்காலத்து ரசீதைக் கேட்பதில் தவறில்லை.

இணைய இணைப்பு விஷயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். என் முதல் வாடகை வீட்டில் "இணைய இணைப்பும் வாடகையில் சேர்ந்தது" என்றார்கள், மகிழ்ந்து கையெழுத்திட்டேன். அது கட்டடம் முழுவதற்கும் பொதுவான வைஃபை என்பது குடிபோன பிறகுதான் தெரிந்தது. மாலையில் அத்தனை குடும்பமும் வீடு திரும்பியதும் என் குரல் துண்டு துண்டாகப் போகும். தரமான காணொலிக் கூட்டத்துக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 4 எம்பிபிஎஸ் வரை அப்லோடு வேகம் (நம் குரலும் படமும் வெளியே போகும் வேகம்) தேவைப்படலாம், விளம்பரங்களோ டவுன்லோடு வேகத்தைத்தான் பெரிதாகப் போடுகின்றன. உங்கள் பெயரில் தனி இணைப்பு எடுக்க அனுமதி உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் 'குடியிருப்புக்கு மட்டும்' என்றிருந்தால், மடிக்கணினியில் செய்யும் அலுவலக வேலை பொதுவாகச் சிக்கலாவதில்லை. வாடிக்கையாளர்களை வரவழைப்பதும் சரக்கு அடுக்குவதும் சிக்கலாகலாம். இதைவிடக் கவனிக்க வேண்டியது விசா. அமெரிக்காவின் எச்-1பி விசாவில் வீடும் பணியிடமாகக் கருதப்படும்; வேறு பெருநகரப் பகுதிக்குக் குடிபெயர்ந்து அங்கிருந்து வேலை செய்வதானால், நிறுவனம் முன்கூட்டியே திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும். வேறு நாடுகளிலும் விசா பணியிடத்தோடு பிணைந்திருக்கலாம். ஆகவே வீட்டு உரிமையாளரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, புதிய முகவரியைச் சொல்லி, அங்கிருந்து வேலை செய்யலாமா என்று நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால், முதல் ஆண்டை அதே பகுதியில் வாடகைக்குக் கழித்துப் பார்ப்பதே என் விருப்பம். அந்த ஓராண்டில் அலுவலகத்தின் வருகை விதி ஒரு முறையாவது மாறக்கூடும், நீங்களே வேலையும் மாறலாம். அதற்குப் பிறகும் அலுவலகம் போய்வரும் நேரம் உங்களுக்கு ஒத்துவருகிறது என்றால் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.