ஆதாருக்கு எந்த ஊர் முகவரி? மதுரைப் பக்கம் வருகிறவர்களுக்கு

இந்தத் தை மாதம் சிங்கப்பூரிலிருந்து சோழவந்தானுக்குப் போய் வந்தேன். 11 நாள் லீவு. அதில் நாலு நாள் மதுரையில் ஒரு வங்கிக் கிளையின் வாசலிலேயே போய்விட்டது. பெட்டியில் என்ன வைப்பது, எந்த விமானத்தில் வருவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஊரில் ஆதார் எடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் எடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் 182 நாள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2019-லேயே நீக்கிவிட்டார்கள். குடியுரிமை மாறி ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கு அது இன்னும் உண்டு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். இரண்டு வார லீவில் வருகிற அவர்கள் வரிசையில் நின்று நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொங்கலை ஒட்டி இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாள் ஜல்லிக்கட்டு, வங்கிக்கும் தொடர் விடுமுறை. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமையும் வங்கி கிடையாது.

எனக்கு ஆதார் தேவைப்பட்டது அண்ணனால். அப்பாவின் தென்னந்தோப்பு 60 சென்ட். என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். "ஒரு கையெழுத்துதான் பாப்பா, வந்து போட்டுட்டுப் போயிரு." எழுதிக் கொடுப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 19 வருடமாக அந்தத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சியது அவர்தான். ஆனால் பத்திரம் எழுதுகிறவர் ஆதார் இல்லாமல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதை நான் ஊருக்கு வந்து இறங்கிய பிறகுதான் அண்ணன் சொன்னார். உங்கள் வீட்டிலும் "சும்மா ஒரு கையெழுத்து" என்று யாராவது சொன்னால், என்ன பத்திரம், என்னென்ன ஆவணம் கேட்கிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

பத்துக் கிளைக்கு ஒரு கிளையிலாவது ஆதார் மையம் இருக்க வேண்டும் என்று 2017-இல் வங்கிகளுக்கு உத்தரவு வந்தது. அதனால் எல்லாக் கிளையிலும் இருக்காது, விசாரித்துவிட்டுப் போங்கள். நான் போன கிளையில் ஒரே ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பையன். முதல் நாள் ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால். டோக்கன் எட்டு மணிக்கே முடிந்துவிட்டதாம். இரண்டாம் நாள் ஏழு மணிக்கே போய் 11-ஆம் டோக்கன் வாங்கினேன். என் முறை வந்ததும் அந்தப் பையன் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "182 நாள் இருக்கணும்மா" என்றான். இல்லை தம்பி என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அங்கேயே நின்று ஆதார் உதவி எண் 1947-க்கு போன் போட்டுக் கொடுத்தேன். தமிழிலேயே விளக்கிச் சொன்னார்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டான். "அட்ரஸ் எதும்மா போடணும்?"

என் பாஸ்போர்ட்டில் இருப்பது சிங்கப்பூர் முகவரி. அதையே போடலாம். வெளிநாட்டு முகவரி கொடுப்பவர்களுக்குப் படிவம் 2, இந்திய முகவரிச் சான்று வைத்திருப்பவர்களுக்குப் படிவம் 1. படிவம் 2-ஐ நிரப்பியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை. பிறந்து வளர்ந்து, 24 வயதுவரை இருந்த வீட்டை விட்டுவிட்டு, வாடகைக்கு இருக்கும் பன்னிரண்டாம் மாடியை எழுதிக் கொடுக்க முடியவில்லை. சோழவந்தான் என்றுதான் போட வேண்டும் என்றேன். சான்று கேட்டான். ரேஷன் கார்டில் இருந்து கல்யாணத்தின்போது என் பெயரை நீக்கினார்கள். அதற்குப் பிறகு இந்த நாட்டில் எந்தக் காகிதத்திலும் நான் சேரவில்லை. கரண்ட் பில் அண்ணன் பெயரில். வீட்டு வரி ரசீது இன்னும் அப்பா பெயரில்.

இதற்கு வழி உண்டு. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் சான்றிதழ் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் புகைப்படத்தை ஒட்டி, எம்எல்ஏ போலக் கையெழுத்திடும் அதிகாரம் உள்ள ஒருவரிடம், கையெழுத்தும் முத்திரையும் படத்தின் மேல் விழும்படி வாங்க வேண்டும். மூன்று மாதம் செல்லும். அடித்தல் திருத்தல் கூடாது. எனக்கு அது கைக்கு வர ஒரு முழு நாள் ஆனது. மூன்றாம் நாள் அதோடு போனால் சர்வர் இல்லை.

அன்றைக்கு என் பக்கத்தில் பூக்கட்டும் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாலாவது தடவையாக வருகிறாராம், ரேகை விழவில்லை. விரல்களைக் காட்டினார். பெருவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் நாரை முடிந்து முடிந்து தேய்ந்து, சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருந்தன. அதைப் பார்த்துவிட்டு, கூட வந்திருந்த அண்ணன் சொன்னார்: "அம்மாவுக்கும் இப்படித்தான். வருசா வருசம் பென்சனுக்கு ஆயுள் சான்று குடுக்கையில ரேகை விழாது. ரெண்டு நாள், மூணு நாள் வண்டியில வச்சுக் கூட்டியாந்து காத்துக் கெடப்போம்." அம்மா போய் இரண்டு வருடமாகிறது. வாரம் தவறாமல் போனில் பேசியிருக்கிறேன். ஒருநாள்கூட இரண்டு பேரும் இதை என்னிடம் சொன்னதில்லை. மூன்று நாள் காத்திருந்ததற்கு நான் அண்ணன்மேல் எரிந்து விழுந்திருந்தேன்.

நாலாம் நாள் எடுத்தார்கள். பத்து விரல், இரண்டு கண், ஒரு படம். புதிதாக எடுக்கக் கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விரலில் மருதாணி வேண்டாம். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், இனிஷியலை விரிக்கவும் சுருக்கவும் வேண்டாம். இந்திய சிம் ஒன்றை வைத்திருங்கள், ஊர் திரும்பியும் ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். விட்டுவிட்டால் அந்த எண் வேறு ஒருவருக்குப் போய்விடும், உங்கள் ஓடிபியும் அவருக்குப் போகும்.

ஒன்றை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் திரையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் தட்டினால் தமிழ் தானாக வருகிறது. எனக்கு "சோலவந்தன்" என்று வந்திருந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் ழ-வைப் போட வைத்து, த-வுக்குத் துணைக்காலையும் சேர்க்கச் சொன்னேன். முகவரியின் முதல் வரியில், யார் பொறுப்பில் என்ற இடத்தில், அந்தப் பையன் கேட்காமலே அண்ணன் தன் பெயரைச் சொன்னார்.

14 இலக்கப் பதிவு எண் போட்ட ரசீது கொடுத்தார்கள். அண்ணன் அதை வாங்கி, அம்மாவின் பென்சன் புத்தகம் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டார். மறுநாள் எனக்கு விமானம். பத்திரம் எழுதவில்லை.

அட்டை தபாலில் வந்துவிட்டதாகப் போன வாரம் போனில் சொன்னார். ஆடியில் பத்திரம் வேண்டாமாம். ஆவணிக்கு லீவு கேட்டிருக்கிறேன்.