டைக்கிரியும் கஃப்ரிஞ்ஞாவும்: சனி மாலைக்கு ஒரு சோடி

டைக்கிரி, ரம்மும் தேசிச்சாறும் சீனியும் கலந்த கியூபாப் பானம்; கோப்பையில் ஐஸ் இல்லாமல் நிற்கும். மட்டக்களப்பு வெக்கையில் ஐந்து நிமிடம் வைத்தால் குளிர் போய், தேசிப்புளி மட்டும் தூக்கலாகத் தெரியும். அதனால் நீண்டு இழுக்கும் மெல்லிசை இதற்கு ஒத்துவராது. நம் ஊர்ப் பறங்கியர் கல்யாண வீட்டு ஆட்டப் பாட்டான கஃப்ரிஞ்ஞாதான் பொருத்தம். 6/8 தாளத்தில் வயலின் துள்ளி ஓடும். மூன்று நான்கு நிமிடப் பதிவாகப் பார்த்து எடுங்கள்.

ஒருவருக்கு: கியூபாவில் ரம், இங்கே தென்னஞ்சாராயம் 60 மி.லி., தேசிச்சாறு 25, சீனிப்பாணி 20. பாணிக்குச் சீனியும் சுடுதண்ணீரும் சம அளவு, கரைத்து ஆறவிட்டால் போதும். இந்தக் கணக்கு 40 சதவீதச் சாராயத்துக்கு. போத்தலில் 33 என்று இருந்தால் சாறு 20, பாணி 15 ஆகக் குறையுங்கள். இல்லாவிட்டால் தேசித்தண்ணீர் போலாகிவிடும். அளக்க, இருமல் மருந்தோடு வரும் சிறு கோப்பை அருமையானது. கண்ணளவு வேண்டாம்.

தேசிக்காயை அன்றைக்கே பிழியுங்கள். தோலை நசுக்கினால் கசப்பு இறங்கும்.

கோப்பையை 20 நிமிடம் ஃபிரீஸருக்குள் வையுங்கள்.

இனிக் குலுக்கல். பலருக்குப் பிழைப்பது இங்கேதான். வெளியே கிடந்து நீர்விட்ட ஐஸ், குளிரூட்ட முந்தியே பானத்தைத் தண்ணீராக்கிவிடும். எல்லாவற்றையும் ஊற்றிய பிறகு, ஃபிரீஸரிலிருந்து நேரே பெரிய கட்டிகளாக எடுத்து முக்கால் பங்கு நிரப்புங்கள். கட்டி குறைந்தால் வேகமாக உருகும். கூடுதலாகப் போடுவதே நல்லது. மீனுக்கு வாங்கும் பார் ஐஸ் கூடவே கூடாது, அது குடிதண்ணீரில் செய்ததென்று நம்ப முடியாது.

ஷேக்கர் இல்லையென்றால் ஒற்றைச் சுவர் சில்வர் தண்ணீர்ப் போத்தல் எடுங்கள். பிளாஸ்க்கில் குளிர் வெளியே தெரியாது, எப்போது நிறுத்துவது என்று கைக்குப் பிடிபடாது. ஜாம் போத்தல் கட்டி பட்டு வெடிக்கலாம்.

பாட்டைப் போட்டு, தட்டுக்கு ஒரு தரம் முன்னும் பின்னும் பலமாகக் குலுக்குங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டென்றால் 24 தட்டு, அதாவது 12 விநாடி. தாளம் மெதுவானால் தட்டை எண்ணாமல் விநாடியையே பாருங்கள். போத்தல் வெளியே வேர்த்து, பிடிக்க முடியாத அளவு குளிர்ந்தால் நிறுத்திவிடலாம். தேயிலை வடியால் வடித்து ஊற்றுங்கள். ஐஸ் துகள் விழுந்தால் கடைசி மிடறு சப்பென்று போகும்.

பாட்டைத் திரும்ப முதலிலிருந்து போடுங்கள். அது முடியுமுன் கோப்பையும் காலியாக வேண்டும்.

பின்சேர்க்கை: குடிக்காதவர்களுக்குச் சாராயத்தின் இடத்தில் கடுஞ்சாயம் ஊற்றி ஆறவைத்த வெறுந்தேத்தண்ணி 60, சாறு 20, பாணி 20. சாயத்தின் துவர்ப்புத்தான் அந்தக் காரத்துக்கு ஈடுகொடுக்கும். வெறும் தண்ணீரில் அது வராது. சனி, ஞாயிறில் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் சாராயக் கடை பூட்டு, முதல் நாளே வாங்கி வையுங்கள்.