மனித உருவம் வரைகிறவர்கள் ஆன்லைனில் படம் போடும் முன்

"அக்கா, என்ன போன் வச்சிருக்கீங்க, கரியெல்லாம் இவ்ளோ கருப்பா வருது?" மாதம் தவறாமல் யாராவது டிஎம்மில் கேட்டுவிடுகிறார்கள். பழைய போன்தான். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது பெரம்பூரில், மூன்றாம் மாடி வாடகை வீடு. கரியில் மனித உருவங்கள் வரைகிறேன். பழைய வேட்டித் துணியில் துருப்பிடித்த ஆணி, டீத்தூள் கறை வைத்துச் சில சோதனை வேலைகளும் செய்கிறேன். எனக்கென்று கேலரி எதுவும் கிடையாது. குழுக் கண்காட்சி அமைந்தால் உண்டு, மற்றபடி என் படங்களைப் பார்க்கிற எல்லோரும் கையகலத் திரையில்தான் பார்க்கிறார்கள். அங்கே போகும்போது படத்தின் அளவு காணாமல் போகிறது. தாளின் சொரசொரப்பு காணாமல் போகிறது. மூடிய அறையில் மாடலுக்கும் நமக்கும் இருந்த ஒப்பந்தம் நடுத்தெருவுக்கு வந்துவிடுகிறது. இந்த மூன்றையும் சரிக்கட்டுவதுதான் வேலை. போனின் விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வெளிச்சம்

சென்னை வெயிலில் நேரடியாக வைத்து எடுக்காதீர்கள். தாளின் ஒவ்வொரு மேடும் நிழல் போடும், வெள்ளைப் பகுதி வெளுத்துப்போய் ஒன்றுமே மிஞ்சாது. வேண்டியது, வானம் தெரிகிற நிழல். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அப்படி ஓர் இடம் இருக்கிறது. காலை எட்டரைக்கு மேல் பத்துக்குள் அங்கே நல்ல வெளிச்சம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அடித்திருப்பது மஞ்சள். வெயில் அதில் பட்டுத் திரும்பினால் என் பிரவுன் தாள் மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஆகிவிடும். அந்தப் பக்கம் கொடியில் கருப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் நிறுத்திய பிறகுதான் எடுப்பேன். உங்கள் மாடியிலும் எதிரே என்ன நிறச் சுவர் என்று முதலில் பாருங்கள்.

இரவில் எடுப்பதென்றால் ஒரே கம்பெனி, ஒரே வகை எல்இடி பல்பு இரண்டு. படத்துக்கு இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில், ஒரே தூரத்தில். டப்பாவில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற அளவு) 90க்கு மேல் என்று அச்சிட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும், டிரைபாடும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். முக்கியமாக, அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்துவிட்டால் எந்த ஆப்பாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் குடித்து அலை அலையாக நெளியும். ஃபிக்சேடிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கிற ஸ்பிரே) அடித்து நன்றாகக் காய்ந்த படமென்றால் மேலே பட்டர் பேப்பர் போட்டு, பலகைக்கு அடியில் இரவு முழுக்க அழுத்தி வைத்து, மறுநாள் எடுங்கள். ஃபிக்சேடிவ் மெல்லிய சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் கருக்கிவிடும் என்பதால், அடிப்பதற்கு முன்னாலும் ஒரு போட்டோ எடுத்து வைப்பேன்.

அடுத்தது கோணம். இயற்கைக் காட்சி வரைகிறவர்களுக்கு லேசாகக் கோணினாலும் பாதகமில்லை, மரம் மரமாகத்தான் தெரியும். உருவம் வரைகிற நமக்கு அப்படியில்லை. கேமரா கீழேயிருந்து மேல்நோக்கிச் சாய்ந்தால் தலை சிறுத்து இடுப்பு பருக்கும். பார்க்கிறவர் "இவருக்கு அனாட்டமி வரவில்லை" என்பார். படத்தைச் சுவரில் நேராகக் கிளிப் போட்டு மாட்டுங்கள். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியைத் தட்டையாக ஒட்டவைத்துப் பிடித்து, போன் திரையில் பாருங்கள். கண்ணாடியின் நடுவில் உங்கள் போன் லென்ஸே தெரிந்தால் கேமராவும் தாளும் நேருக்கு நேர் இருக்கின்றன என்று அர்த்தம். மேலே கீழே தள்ளித் தெரிந்தால் டிரைபாடை நகர்த்துங்கள். ஸ்டிக்கர் பொட்டுப் பாக்கெட்டோடு வருகிற கண்ணாடியே போதும். சரியானதும் கண்ணாடியை எடுத்துவிட்டு, மூன்று விநாடி டைமர் வைத்துக் கிளிக்.

கிட்டே போய் எடுக்காதீர்கள். போனின் சாதாரண லென்ஸ் அகலக் கோணம், ஓரங்களைப் பிதுக்கும். பின்னால் தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வைத்து எடுத்தால் தோள் தோளாகவே இருக்கும்.

நிறத்தைச் சரிசெய்ய வெள்ளை ஏ4 தாளைப் பக்கத்தில் வைப்பது பலர் வழக்கம். ஜெராக்ஸ் தாளில் பளிச்சென்று காட்டுவதற்காக ரசாயனம் சேர்த்திருப்பார்கள், அது நீலம் பக்கம் இழுக்கும். அதைவிட நல்லது குழாய்க்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப். ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஓர் அட்டையில் அதைப் பல அடுக்காகச் சுற்றி, படத்தின் ஓரமாக வைத்து எடுத்து, ஸ்னாப்சீட் என்கிற போட்டோ எடிட்டிங் ஆப்பில் ஒயிட் பேலன்ஸுக்கு அதைத் தொட்டுக் காட்டுங்கள். பிறகு வெட்டிவிடலாம். குங்குமச் சிவப்பு மாதிரி அடர்ந்த சிவப்பு இருந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் முழுக்க ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். போனில் தானாக அழகுபடுத்தும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை தாளின் குருணையை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகின்றன.

மேற்பரப்பும் அளவும்

துணி, துரு, மணல், தையல் என்று போகிறவர்களுக்கு மேலே சொன்ன சமவெளிச்சப் போட்டோ பாதிதான். இன்னொன்று வேண்டும். எல்லா விளக்கையும் அணைத்து, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில், சுவரை உரசுகிற மாதிரித் தாழ்த்திப் பிடியுங்கள். துரு அரித்த இடத்தில் நூல் எழும்பி நிற்பது அப்போதுதான் தெரியும். என் வேட்டி வேலைகளுக்கு நான் விளக்கைக் கையில் பிடித்து மெதுவாக நகர்த்தி ஒரு சின்ன வீடியோ எடுப்பேன். நிழல் ஓடும்போது, இது பிரிண்ட் இல்லை, தொட்டால் கையில் ஒட்டும் என்று எவருக்கும் புரிந்துவிடும்.

சந்தேகமிருந்தால் ஈசிஆரில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கியது. அவரும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்த மதராஸ் இயக்கத்தின் ஓவியங்களை அங்கே நேரில் பார்த்துவிட்டு, அதே ஓவியர்களின் படங்களை வீட்டுக்கு வந்து போனில் தேடிப் பாருங்கள். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் கேன்வாஸ் முழுக்கப் பொடிப் பொடியாக எழுத்து மாதிரி ஓடும். கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினால் அதெல்லாம் வெறும் புள்ளிக் கூட்டம். அவ்வளவு பெரியவர் படத்துக்கே அந்தக் கதி என்றால் நம் படத்துக்கு, ஒரு பகுதியை மட்டும் கிட்டத்தில் எடுத்த போட்டோ இல்லாமல் எப்படி?

அளவுக்கு நான் கையை வைக்கிறேன். படத்தின் ஓரத்தைப் பிடித்தபடி ஒரு கை, அல்லது சுவரில் மாட்டி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி. கேலரிச் சுவரில், சோபாவுக்கு மேல் மாட்டியிருக்கிற மாதிரி காட்டும் ஆப்களை நான் தொடுவதில்லை. அந்த சோபா நம் ஊர் வீட்டு சோபாவே கிடையாது.

இன்ஸ்டாகிராம் இப்போது 3:4 விகிதப் படத்தை வெட்டாமல் ஏற்றுக்கொள்கிறது. நாம் வாங்கும் 22 x 30 அங்குல முழுத் தாள் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். அரைத் தாளென்றால் ஒல்லியாக இருக்கும், பக்கத்தில் வெற்றிடம் விட்டுப் போடுங்கள், காலை வெட்டாதீர்கள். அகலம் 1080 பிக்சல் போதும், நிற வகை எஸ்ஆர்ஜிபி. அதற்கு மேல் கொடுத்தாலும் அது சுருக்கத்தான் போகிறது. இதில் ஒரு லாபமும் உண்டு, யாராவது திருடினாலும் பெரிதாக அச்சடிக்க முடியாது. 1080 பிக்சலை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் 3.6 அங்குல அகலம்தான் வரும். முழு ஃபைலை ஹார்டு டிஸ்கில் வையுங்கள், எங்கேயும் ஏற்றாதீர்கள்.

கேப்ஷனில் தலைப்பு, எதில் எதனால் செய்தது, அளவு, ஆண்டு. "பிரவுன் தாளில் கரி, 22 x 30 அங்குலம், 2024." இதைத் தமிழிலேயே எழுதுங்கள். மனவலி, மௌனம், தேடல் என்று மூன்று பத்தி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் படத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

யாருடைய உடம்பு

எழும்பூர் கவின் கலைக் கல்லூரி 1850இலிருந்து இருக்கிறது. மாடலை உட்காரவைத்து வரைவது அங்கே பாடம். அப்படிப் பழகியவர்களுக்கு, உட்கார வருகிறவரிடம் தனியாக எதையும் கேட்கத் தோன்றுவதில்லை. ஆனால் ஒரு அறையில் பத்துப் பேர் வரைவதற்குச் சம்மதித்தவர், அந்தப் படம் தன் பேரன் கையிலிருக்கும் போனில் வருவதற்குச் சம்மதித்தார் என்று ஆகாது. என்னிடம் உட்கார வருகிற அம்மாவிடம் வரைய ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுவேன்: முகம் தெரியலாமா, பேர் போடலாமா, விற்றால் சம்மதமா. "முகம் வேணாம்மா, எங்க தெருவுல எல்லாரும் போன் வச்சிருக்காங்க" என்றார். சரி, முதுகும் கழுத்தும் வரைந்தேன். சொன்னதை அரைப் பக்கம் தமிழில் எழுதிப் படித்துக் காட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி. ஆன்லைனில் போடுவதற்குக் கூலியும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். அது நியாயம்.

காசிமேட்டிலும் சென்ட்ரலிலும் ஸ்கெட்ச் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விழித்திருப்பவரிடம் வரைந்ததைக் காட்டுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். பிளாட்பாரத்தில் தூங்குகிறவர் முகத்தை நான் ஏற்றுவதில்லை.

நிர்வாண உருவம் போடுகிறவர்கள் விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விதிப்படி ஓவியத்திலும் சிற்பத்திலும் நிர்வாணம் அனுமதிக்கப்பட்டதே. ஆனால் முதலில் பார்ப்பது மெஷின், அதற்கு ஓவியமும் போட்டோவும் குழம்பும். அதனால் தாளின் ஓரம், கிளிப், பலகை எல்லாம் தெரிகிற மாதிரி முதல் படத்தை வையுங்கள். நீக்கிவிட்டால் சலிக்காமல் மறுபரிசீலனை கேளுங்கள். மார்பின் மேல் கருப்புப் பட்டை ஒட்டுவது மட்டும் வேண்டாம். வரைந்ததில் அசிங்கம் எதுவும் இல்லாத இடத்தில் நாமே அசிங்கத்தை வரைந்துவிடுகிறோம். தயக்கமாக இருந்தால் கையோ தோளோ தனியாக, அதுவே முழுப் படமாக நிற்கிற மாதிரி வெட்டி முன்னால் போடுங்கள்.

சட்டப் பக்கம்: ஆபாசமானதை இணையத்தில் வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67, முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். எது ஆபாசம் என்பதில்தான் சண்டை. நவீன ஓவியர்களான எஃப்.என். சூசாவும் அக்பர் பதம்ஸீயும் வரைந்த 7 படங்களைச் சுங்கத் துறை ஆபாசம் என்று பறிமுதல் செய்தபோது, 2024 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நிர்வாணம் என்பதாலேயே ஆபாசம் ஆகிவிடாது என்பது அதன் சாரம். கோர்ட் வரை போக நமக்கு நேரமும் காசும் ஏது? சொந்தக்காரர்களுக்குத் தனிக் கணக்கு, படத்துக்குத் தனிக் கணக்கு. பெரியம்மா வாட்ஸ்அப் குரூப்பில் எதுவும் போய் விழாது.

யாருக்குச் சொந்தம்

நீங்களாக வரைந்த படத்தின் காப்புரிமை (காப்பிரைட்) வரைந்த கணத்திலேயே உங்களுடையது. 1957 காப்புரிமைச் சட்டப்படி உங்கள் ஆயுள் முழுக்க, அதன்பின் 60 ஆண்டு. பதிவு கட்டாயமில்லை, செய்வதானால் ஒரு படத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். பலருக்குத் தெரியாதது பிரிவு 17: காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக போர்ட்ரெய்ட் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் காப்புரிமை அவருக்கு. அதாவது அறுபதாம் கல்யாணத்துக்குத் தாத்தா பாட்டியை வரைந்து கொடுத்துவிட்டு அதை இன்ஸ்டாவில் போட, ஆர்டர் கொடுத்தவர் அனுமதி வேண்டும். அட்வான்ஸ் வாங்கும்போதே "காப்புரிமை ஓவியருக்கு, ஆன்லைனில் வெளியிடலாம்" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

ஏஐ திருட்டுக்கு முழு மருந்து கிடையாது. சிகாகோ பல்கலைக்கழகக் குழு 2023இல் வெளியிட்ட கிளேஸ் என்கிற மென்பொருள் இலவசம். நம் பாணியை மெஷின் பிடித்துக்கொள்ளாதபடி படத்தில் நுண்ணிய மாற்றம் செய்யும். கரி அடர்ந்த படத்தில் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை, காலித் தாள் அதிகமுள்ள கோட்டோவியத்தில் லேசாக அழுக்குப் படிந்த மாதிரி தெரியும். பார்த்துப் பயன்படுத்துங்கள். படத்தின் குறுக்கே பெரிய வாட்டர்மார்க் போடுவதைவிட, கையெழுத்தை உருவத்துக்கு உள்ளேயே, வெட்ட முடியாத இடத்தில் போடுவது என் வழக்கம்.

யாராவது வாங்கக் கேட்டால், எடிட் செய்யாத பகல் வெளிச்ச வீடியோ ஒன்றை அனுப்பிய பிறகே விலை பேசுங்கள். "போனில் பார்த்த மாதிரி இல்லையே" என்ற பேச்சு அதோடு தீர்ந்தது. கரி ஓவியத்தைச் சுருட்டி அனுப்பாதீர்கள். மேலே பட்டர் பேப்பர், இரண்டு ஹார்ட்போர்டுக்கு நடுவில் தட்டையாக வைத்து, நான்கு பக்கமும் டேப். மழைக்காலமென்றால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, வெளியே ஒன்று.