எக்ஸ்டெண்டர் வாங்கும் முன் ரௌட்டரை இடம் மாற்றிப் பாருங்கள்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர், ஒயர் நுழையும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ரௌட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். சிக்னலில் கணிசமான பகுதி தெருவுக்குப் போகும். கடைசி பெட்ரூமில் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே எக்ஸ்டெண்டர் (சிக்னலை வாங்கி மேலும் தூரம் அனுப்பும் கருவி) வாங்கத் தோன்றும். அதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. அளவெடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு அறையிலும் கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். ஆப் காட்டும் எண் சிக்னலின் பலம், டிபிஎம் அதன் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. −50 டிபிஎம் அருமை. −67 வரை வீடியோ கால் தாங்கும். −80ஐ நெருங்கினால் விட்டுவிட்டுத்தான் வரும். ரௌட்டருக்கு அருகிலேயே வேகம் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் இணைப்பில். இடம் மாற்றிப் பயனில்லை.

2. இடம் பாருங்கள். வீட்டின் நடுவில், 5–6 அடி உயரத்தில். டிவிக்குப் பின்னால் வேண்டாம். இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி குறுக்கே இருக்கக் கூடாது: உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். 9 அங்குலச் சுவரைக்கூட அலை சாய்வாகக் கடந்தால் அதற்கு அது ஓரடிச் சுவர். அதனால் ரௌட்டரும் அறைக் கதவும் நேர்க்கோட்டில் அமைந்தால் நல்லது.

3. நகர்த்துங்கள். ஃபைபர் ஒயரை நீங்களே இழுக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. இறுக்கி மடித்தால் ஒளி கசிந்து, பெட்டியில் எல்ஓஎஸ் (LOS, ஒளி வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக மின்னும், நெட் போய்விடும். நீளமான பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டர் உள்ள ஃபைபர் ஒயர்) போட இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் ஆளைக் கூப்பிடுங்கள். இன்னொரு வழி, எங்களுக்குப் பிடித்தது: முதல் ரௌட்டரை அங்கேயே விட்டு, நடு அறைக்கு ஒரு கேட்6 (Cat6) நெட்வொர்க் ஒயர் இழுத்து, இரண்டாவது ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (ஒயரில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்புவது மட்டும்) போடுவது. 100 மீட்டர் வரை ஒயரில் வேகம் குறையாது. பழைய ரௌட்டரில் அந்த மோடு இல்லையென்றால், முதலில் அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) மாற்றி, டிஹெச்சிபியை (DHCP, மற்ற கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் வசதி) அணைத்து, ஒயரை லான் (LAN) போர்ட்டில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் சில போன்கள் இணையும், ஆனால் நெட் வராது.

4. ஆன்டெனா. அலை ஆன்டெனாக் குச்சியின் பக்கவாட்டில்தான் பரவும், நுனியில் குறைவு. ஆகவே அறையை நோக்கி நுனியை நீட்டாதீர்கள். ஒரே தளம் என்றால் எல்லாமே நேராக நிற்கட்டும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்க வையுங்கள்.

5. சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் பக்கத்து வீட்டு நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ரௌட்டர் இருக்கும் அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் பயன்படுத்துங்கள். வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு.

மறுபடி அளந்து பாருங்கள். இன்னும் −75க்குக் கீழே இருந்தால் எக்ஸ்டெண்டர் வாங்கலாம். அதைச் சிக்னல் இல்லாத அறைக்குள் மாட்டாமல், −60 அளவு கிடைக்கும் பாதி வழியில் மாட்டுங்கள்.