பாதி வேலையில் கிளையண்ட் ஒப்பந்தத்தை மாற்றச் சொன்னால்

"கம்பெனி பாலிசி மாறிவிட்டது. இத்துடன் உள்ள புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்." ஃப்ரீலான்சர்களுக்கு இந்த மெயில் ஒருநாள் வந்தே தீரும். பதறவேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும்.

படி 1: அன்றைக்கே பதில் போடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். பதில் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தால், புது நிபந்தனைகளை நடத்தையாலேயே ஏற்றுக்கொண்டீர்கள் என்று கிளையண்ட் பிறகு வாதாடலாம். வேலையை நிறுத்தினாலோ, கெடு தவறிய பழி உங்கள்மேல் விழும். இரண்டு வரி போதும்: "புது வரைவு கிடைத்தது, படித்துவிட்டுச் சொல்கிறேன். நான் எழுத்தில் சம்மதிக்கும்வரை பழைய ஒப்பந்தப்படியே வேலை தொடரும்." போனில் பேசினாலும், பேசியதை மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

படி 2: பழைய ஒப்பந்தத்தில் திருத்தம் பற்றிய ஷரத்தைத் தேடுங்கள். "இருவரும் கையெழுத்திட்டால் மட்டுமே திருத்தம் செல்லும்" என்றிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கிளையண்ட் தனியாகவே மாற்றலாம் என்றிருந்தால், பதில் அனுப்பும் முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

படி 3: இரண்டையும் ஒப்பிடுங்கள். வேர்டில் ரிவ்யூ, அதற்குள் கம்பேர். மெயிலில் சொல்லாத மாற்றங்களும் சிவப்பில் தெரியும்.

முதலில் பணம். 30 நாள் 90 நாளாகியிருக்கிறதா? நீங்கள் உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற குறுந்தொழிலாக இருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வரவேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவு இலவசம், வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

அடுத்தது பதிப்புரிமை (காப்பிரைட்). "உருவாக்கிய கணமே உரிமை கிளையண்டுக்கு" என்ற வரியை ஏற்காதீர்கள். பாக்கி நிற்கும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அந்த உரிமைதான். "முழுத் தொகையும் வந்தபின் உரிமை மாறும்" என்று திருத்திக் கேளுங்கள்.

வேலை முடிந்த பிறகும் இரண்டு வருடம் போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யக்கூடாது என்ற ஷரத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. இருந்தாலும் அடித்துவிடச் சொல்லுங்கள், வீண் மிரட்டலுக்கு எதற்கு இடம்?

படி 4: வேலை கூடினால் விலையும் கூட வேண்டும். இரண்டு முறை திருத்தம் என்று பேசியது "திருப்தி வரும்வரை" என்று மாறியிருந்தால், மூன்றாவது முறையிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று தொகையோடு எதிர்வரைவு அனுப்புங்கள்.

படி 5: ஒத்துக்கொண்டவற்றை மட்டும் ஒரு பக்க இணைப்பு ஒப்பந்தமாக எழுதுங்கள். மூல ஒப்பந்தத்தின் தேதி, மாறும் ஷரத்து எண், அமலுக்கு வரும் தேதி, "மற்ற ஷரத்துகள் அப்படியே தொடரும்" என்ற வரி, இருவர் கையெழுத்து. அமல் தேதியை முன்தேதியிடாதீர்கள். முன்தேதியிட்டால், ஏற்கெனவே அனுப்பிய இன்வாய்ஸ்களும் புது நிபந்தனைக்குள் போய்விடும்.